வலிக்காத கால்

தலைமை தாங்கும் சங்கத் தலைவர் அவர்களே! தீப்பொறிக்கு அஞ்சாமல், இரவுப் பணியில் துஞ்சாமல் உழைக்கும் வெல்டிங் பட்டறைத் தோழர்களே! வீட்டையும் ஆஸ்பத்திரி வரிசையையும் ஒருசேரச் சுமக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் கொழுந்தனாரே! அனைவருக்கும் வணக்கம்.

சிரிக்காதீர்கள். அவரை வம்புக்கு இழுக்க நான் வரவில்லை. ஒரு காலைக் காப்பாற்ற வந்திருக்கிறேன். அந்தக் கால் அவருடையது.

என் வீட்டுக்காரரை நீங்கள் அறிவீர்கள். இரும்போடு பிறந்து இரும்போடு வளர்ந்தவர் போல வாழ்ந்த மனிதர். பூட்ஸுக்குள் பொறி விழும், துள்ளுவார், தண்ணீர் ஊற்றுவார், மறுபடி குனிவார். புண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் விடுவீர்களா நீங்கள்? "என்னப்பா, தொட்டாச்சிணுங்கி!" என்று பட்டறையே கெக்கலி கொட்டும். அதுதானே உங்கள் வழக்கம்?

சர்க்கரை நோய் வந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார். பின்னாலேயே பட்டறைக்குள் வந்தது ஆன்டிஆக்ஸிடன்ட் காப்ஸ்யூல். "உடம்பு உள்ளுக்குள்ள துருப்பிடிக்காம பாத்துக்கும்ணே, வெள்ளை அணுவுக்கு யானை பலம் குடுக்கும்" என்றார்கள் விற்க வந்தவர்கள். துருவோடு தினம் மல்லுக்கட்டுகிறவர் நம்பாமல் இருப்பாரா? காப்ஸ்யூலை டீயோடு விழுங்கினார். டாக்டர் தந்த மாத்திரையை அலமாரியில் தூங்கவிட்டார். நான் கத்தினேன், கெஞ்சினேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நாள் முகமெல்லாம் பூரிப்பாக வந்து சொன்னார்: "இந்தா பாரு, முன்னெல்லாம் பொறி பட்டா உயிர் போகும். இப்ப சுருக்குன்னுகூட இல்ல. காப்ஸ்யூல் வேலை செய்யுது!"

ஐயோ, என் தாய்மார்களே! வேலை செய்தது காப்ஸ்யூலா? செத்துப்போனது நரம்பல்லவா! சர்க்கரை தின்ற நரம்பைச் சத்து வந்ததென்று கொண்டாடினாரே, அந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வேன்?

நாற்றம் வந்த பிறகுதான் பாதத்தைப் பார்த்தோம். டாக்டரிடம் கேட்டேன்: "இத்தனை சத்து மாத்திரை போட்டாரே, அந்த வெள்ளை அணுவெல்லாம் எங்க சார் போச்சு?"

"அங்கதாம்மா இருந்துச்சு. ரத்தத்துல சர்க்கரை ஏறிக் கிடந்தா அதுங்க மந்தமாயிடும். புண்ணுக்கு ஒழுங்கா வந்து சேராது, வந்தாலும் கிருமியை ஒழுங்கா விழுங்காது. இந்தச் சத்தெல்லாம் அதுக்கு உதவுமான்னு ஆராய்ச்சி நடக்குது. ஆனா சர்க்கரையை எறக்குற மருந்தை நிறுத்திட்டு இதைப் போட்டா எப்படிம்மா?"

விரலை எடுத்தார்கள். பாதத்தை எடுத்தார்கள். முழங்காலோடு எடுத்தார்கள். அப்புறம் மனிதரையே எடுத்துக்கொண்டு போனோம்.

அங்கே யார், காப்ஸ்யூலைக் கொளுத்தச் சொல்வது? வேண்டாம் ஐயா. காப்ஸ்யூல் மீது எனக்குப் பகை இல்லை. டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். சர்க்கரை மாத்திரையை விட்டுவிட்டுப் போடாதீர்கள். வலி இல்லை என்பதற்காகப் புண் இல்லை என்று நினைக்காதீர்கள்!

இன்று காலை துணி துவைத்தேன். என் கொழுந்தனாரின் சாக்ஸில் சீழ். கேட்டேன். "பொறிதான் அண்ணி. காப்ஸ்யூல் போட்டுட்டேன், ஆறிடும்" என்கிறார். அதே பட்டறை, அதே சர்க்கரை நோய், அதே காப்ஸ்யூல், அதே சிரிப்பு. வீட்டில் சொன்னேன், கேட்கவில்லை. அதனால்தான் ஊரைக் கூட்டிச் சொல்கிறேன்.

என்ன தம்பி? "நாளைக்குப் போறேன் அண்ணி"யா? உன் மானம் போகிறதா? போகட்டும்! கால் போனால் உன் அண்ணி எந்தக் கடையில் வாங்கித் தருவாள்? அப்பா எங்கே என்று என் மகள் கேட்டபோது சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நீதான் அவளை மடியில் வைத்துச் சொன்னாய். நீயும் போய்விட்டால் அதை அவளிடம் சொல்ல யார் இருக்கிறார்கள்?

தலைவர் அவர்களே, மன்னியுங்கள். பேச்சைப் பாதியில் நிறுத்துகிறேன். பொறுமையோடு கேட்ட அனைவருக்கும் நன்றி. வீட்டுக்குப் போனதும் அவரவர் காலைத் திருப்பிப் பாருங்கள். வணக்கம்.

யாராவது ஒரு ஆட்டோவைக் கூப்பிடுங்கள். தம்பி, எழுந்திரு.