நாற்பத்தொன்றாவது நோன்பு

ஏழு வயதுப் பிள்ளை பார்வைக்குத்தான் பஞ்சு. தூக்கிக்கொண்டு ஓடிப் பாருங்கள், கனம் தெரியும்.

ஷர்மினை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு நான் ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு கால் செருப்பு எங்கேயோ கழன்று போயிருந்தது. அவள் தலை என் தோளில் துவண்டு கிடந்தது. கீழே திராட்சைப் பந்தலை ஒட்டிய கொட்டகையில் பெண்கள் போட்ட கூப்பாடு சுருளிப்பட்டி வரைக்கும் கேட்டிருக்கும். பெட்டி கட்டுகிற கொட்டகை அது. அதன் கல்தூணில் மூக்கைக் கொடுத்து ஜீப் நின்றுகொண்டிருந்தது.

"ஏலே, பிள்ளையப் பாருங்கடா! பிள்ளை ஜீப்புக்குள்ள ஏறியிருக்குடா!" என்று கத்திக்கொண்டே சரிவில் இறங்கினேன்.

அன்று எல்லாரும் கண்டது அவ்வளவுதான். பள்ளத்தில் ஒரு ஜீப், அதற்கும் தூணுக்கும் நடுவில் பெட்டி கட்ட வந்த பாண்டீஸ்வரி, மேட்டிலிருந்து முதலாளி மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிற டிரைவர் சுருளிவேல். மறுநாள் பேப்பரில் நான்கு வரி வந்தது. அதில் ஒரு வரி என்னைப் பற்றி, நல்லவிதமாக.

பேனாவை மூடிவிட்டீர்கள், ஏட்டையா. பரவாயில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் விபத்து என்று எழுதி மூடின கேஸை எவன்தான் திறப்பான். நீங்கள் எழுதாவிட்டாலும் நான் சொல்லி முடித்துவிடுகிறேன். இதற்கு முன்னால் மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டேன்.

முதலில் அந்த ஜீப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேட்டரி செத்த ஜீப். "மொதலாளி, பேட்டரி மாத்துங்க" என்று நான் நச்சரிக்காத வாரம் கிடையாது. ராஜா முகம்மது நல்ல மனுஷர், ஆனால் காதில் வாங்க மாட்டார். "மேட்டுல நிறுத்திக்க சுருளி, உருண்டா ஸ்டார்ட் ஆகிருமுல்ல" என்பார். ஆகிவிடும்தான். தோட்டத்து வீடு மேட்டில் இருக்கிறது. வாசலில் மூக்கைச் சரிவுப் பக்கம் திருப்பி நிறுத்தி, முன்சக்கரத்துக்கு ஒரு கல்லை வைத்துவிடுவேன். ஹேண்ட் பிரேக்கும் பிடிக்காது, கல்தான் பிரேக். கிளம்பும்போது கியரை நியூட்ரலில் தள்ளி, கல்லைக் காலால் ஓர் உதை உதைத்து, ஒரு தள்ளு தள்ளி, ஏறி உட்கார்ந்து, ஓட்டத்தில் இரண்டாவது கியரைப் போட்டால் உறுமிக்கொண்டு கிளம்பும். இந்தப் பள்ளத்தாக்கில் பாதி ஜீப் அப்படித்தான் ஓடியது. வேலைக்கு வருகிற பெண்கள் வேடிக்கை பார்ப்பார்கள். "சுருளி அண்ணன் குதிரை ஏறுறாக" என்று பாண்டீஸ்வரிதான் கேலி செய்வாள்.

அன்று சனிக்கிழமை. 2003, ரம்ஜான் மாசம். ஷர்மினுக்கு அது முதல் நோன்பு. ஏழு வயதில் வேண்டாம் என்று அவள் அம்மா அம்சத் பீவி எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் விடியுமுன் எழுந்து சஹர் சாப்பிட்டு உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை முதல் நோன்பு திறக்கும்போது மாலை போட்டுக் கொண்டாடுவார்கள். சாயங்காலம் உத்தமபாளையத்திலிருந்து சொந்தக்காரர்கள் வருவதாக ஏற்பாடு. கம்பத்தில் மாலை வாங்கிவர நான் மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும்.

கிளம்பினேன். நியூட்ரல் பண்ணினேன். கல்லை உதைத்தேன். அது உருண்டு வாய்க்காலில் போய் விழுந்தது. பிறகு பையைத் தடவினால் சாவி இல்லை. சாவியை நான் எப்போதும் வைப்பது வீட்டுக் கூடத்தில் டிவிப் பெட்டி மேல்.

இதற்கு எரிச்சல்படாதவன் எவனும் டிரைவர் இல்லை. மறுபடி கல்லைத் தேடி எடுத்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போயிருக்க வேண்டும். தினமும் ஒரே இடத்தில் நின்று நின்று சக்கரத்துக்குக் கீழே சின்னக் குழி விழுந்திருந்தது. தள்ளினால்தான் வண்டி நகரும். சாவி எடுக்க அரை நிமிஷம் ஆகுமா? முந்தின நாள் மழை பெய்து மண் ஊறிப்போயிருந்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை.

அரை நிமிஷத்தில் வந்திருந்தால் பாண்டீஸ்வரி இன்றைக்கும் என்னைக் கேலி பண்ணிக்கொண்டிருப்பாள். கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

சொன்னால் சிரிப்பீர்கள். கார்ட்டூன். தமிழில் பேசுகிற கரடிகள். மாமாக் கரடி ஒன்று தேன்பானை ஏற்றிய வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டு மரத்தடியில் குறட்டை விடுகிறது. வண்டி உருள்கிறது. கோழி வீட்டுக் கல்யாணப் பந்தலைக் கிழித்துக்கொண்டு, யானையின் வழுக்கைத் தலையில் பானையைக் கவிழ்த்துவிட்டு, குளத்தில் போய் விழுகிறது. ஊரே திரண்டு வருகிறது. மாமாக் கரடி சுற்றுமுற்றும் பார்க்கிறது. தன் கையில் ஒட்டின தேனைக் குட்டிக் கரடியின் வாயில் தடவிவிட்டு, விரலை நீட்டுகிறது: "இதோ, இவன்தான்!" குட்டி திருதிருவென்று விழிக்கிறது. அந்த முழியைப் பார்த்து நான் சத்தமாகச் சிரித்தேன். சாவி கையில் இருந்தது. ஐந்து நிமிஷம் நின்றிருப்பேன்.

வெளியே முதல் கூப்பாடு கேட்டபோதும் நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஜீப் நின்ற இடத்தில் குழி மட்டும் இருந்தது.

இதுவரைக்கும் கவனக்குறைவு, அவ்வளவுதான். கம்பத்தில் வக்கீல் ஒருவரிடம் பேச்சுவாக்கில் விசாரித்தேன். பெரிய தண்டனை வராதாம். அது அன்றைக்கே தெரிந்திருந்தால் கதை வேறு. அன்றைக்கு எனக்குத் தோன்றியது வேறு: லைசென்ஸ் போகும், ஜெயில், வீட்டில் அப்போதுதான் பிள்ளை உண்டாகியிருந்த என் மனைவி சங்கிலியம்மாள். ஏழு வயதுப் பிள்ளையை யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்? போலீஸ் பிடிக்காது, பெற்ற அத்தா அடிக்க மாட்டார், ஊர் இரண்டு நாளில் மறந்துவிடும். நிதானமாக யோசித்துத்தான் முடிவு பண்ணினேன். யாருக்கும் நஷ்டமில்லாத பழி அது ஒன்றுதான்.

சரிவில் ஓடி இறங்கி, பெண்கள் வைத்திருந்த குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு ஷர்மினின் வாயில் நான்தான் ஊற்றினேன். இரண்டு மடக்கு குடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தாள். ஜீப்பைப் பார்த்தாள். ரத்தத்தைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த சொம்பைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அழுதாள் பாருங்கள், அப்படி ஓர் அழுகை.

பின்கட்டில் நோன்புக் கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்த அம்சத் பீவி, ஈரக் கையோடு ஓடிவந்தார். "டிவி பார்த்துக்கிட்டுத்தானே இருந்துச்சு! எப்படா சுருளி வெளிய வந்துச்சு?"

"கியரத் தட்டிவிட்ருச்சுக்கா. ஈரத்துல கல்லும் வழுக்கிருச்சு. டிவியில வண்டி உருளுற படம் ஓடுது, அதப் பார்த்துட்டு ஏறியிருக்கும்போல. நல்லவேளை, பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல."

"ஜீப்புல ஏறுனியாம்மா?" என்று முதலாளி மூன்று தடவை கேட்டார். அவள் சும்மா நாள்களில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்து விளையாடுகிறவள்தான். இரண்டு தடவை அழுகைதான் வந்தது. மூன்றாவது தடவை ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

குற்றத்தை நினைத்து அழுகிறாள் என்று எல்லாரும் எண்ணிக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடும்போது என்னிடம் மட்டும் சொன்னாள்: "சுருளி மாமா, நீங்க தண்ணி குடுத்ததுல என் நோன்பு போச்சு." அதற்குத்தான் அழுதிருக்கிறாள்.

போலீஸ் வந்தது, எழுதியது, போனது. மறுநாளே முதலாளி டிவி கேபிள் வயரை அறுத்துப் போட்டார். புது பேட்டரியும் வாங்கினார். எனக்கு வந்த ஆத்திரத்தை யாரிடம் சொல்வது? அதை ஒரு வாரம் முன்னால் வாங்கியிருந்தால்?

பாண்டீஸ்வரியின் மாமியார் பஞ்சம்மாள் மட்டும் பிள்ளையைத் திட்டவில்லை. "பச்சமண்ண என்னத்தச் சொல்ல" என்றாள். ஆனால் அதற்குப் பிறகு ஷர்மின் எதிரே வந்தால் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வாள். ஏழு வருஷமாக மூடிக்கொள்கிறாள். ஊர் இரண்டு நாளில் மறந்துவிடும் என்றேனே, அதில்தான் என் கணக்குத் தப்பியது.

இப்போது ஷர்மினுக்குப் பதினான்கு. அறியாமல் ஓர் உயிர் போகக் காரணமாக இருந்தவர்கள் இரண்டு மாசம் இடைவிடாமல் நோன்பு வைக்க வேண்டும் என்று எங்கேயோ படித்திருக்கிறாள். பள்ளிவாசல் ஹஸரத் வீட்டுக்கே வந்து சொன்னார்: "அது பெரியவுகளுக்கும்மா. அன்னிக்கு நீ சின்னப் பிள்ளை. உன்மேல ஒரு குத்தமும் கெடையாது."

"இப்ப நான் சின்னப் பிள்ளை இல்லைல்ல, ஹஸரத்?" என்றாள்.

நோன்புப் பெருநாள் முடிந்த மறுநாள் ஆரம்பித்தாள். இன்றைக்கு நாற்பத்தொன்று. கன்னம் ஒட்டிப்போய்விட்டது. போன வாரம் பள்ளிக்கூட வாசலில் மயங்கி விழுந்தாள். டாக்டர் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும் என்றார். அவள் மறுத்தாள். நடுவில் ஒன்றை விட்டால் திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம். டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "இன்னும் இருபத்தஞ்சு நாள் இந்த உடம்பு தாங்காதுப்பா" என்றார். இப்போதும் நான்தான் அவளைக் கொண்டுபோய் விடுகிறேன். கண்ணாடியில் அவள் முகம் தெரிகிறது. அதைத் திருப்பி வைத்துக்கொண்டு ஓட்ட முடியுமா?

அதனால்தான் முதலாளியிடம் போனேன். "மொதலாளி, தப்பு என்னுது. கல்லை உதைச்சது நான்தான்" என்றேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். "பிள்ளைக்காகப் பழிய உன்மேல போட்டுக்கிறியாடா சுருளி? பெத்த எனக்கே தோணலையேடா."

அம்சத் பீவியிடம் சொன்னேன். "உன் மனசு யாருக்கு வரும்" என்று சொல்லிக் கஞ்சி கொடுத்தார்.

கடைசியில் அவளிடமே சொன்னேன். பின்சீட்டில் இருந்து மெல்லச் சொன்னாள்: "எனக்காகப் பொய் சொல்லாதீங்க மாமா. அதுவும் பாவம்தானே."

எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள். அந்தக் கரடிப் படம் கடைசியில் எப்படி முடியும் என்று அவளைக் கேட்டேன். அந்தச் சனிக்கிழமைக்கு முன்னாலேயே ஒரு தடவை முழுசாகப் பார்த்திருக்கிறாளாம். "மாமாக் கரடி தானே வந்து ஒத்துக்கிரும். எல்லாரும் சிரிப்பாக. குட்டிக்குத் தேன் குடுப்பாக" என்றாள். பொம்மைப் படத்தில் ஒத்துக்கொண்டால் உடனே நம்பிவிடுகிறார்கள். இங்கன மனுஷன் நெஞ்சில் அடித்துச் சொன்னாலும் மாலை போட வருகிறார்கள்.

நீங்களும் அதையேதான் சொல்கிறீர்கள். கல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, பிள்ளை ஏறிக் கியரைத் தட்டியிருக்கிறதே என்று. நியூட்ரல் பண்ணினது நான் என்றால், "சரிய்யா, அப்ப அந்தப் பிள்ளைய எங்கனருந்துதான் தூக்கிட்டு ஓடுன?" என்கிறீர்கள்.

பார்த்தீர்களா. இந்த ஒரு கேள்வியை இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். கேட்காததை நானாக எதற்குச் சொல்வது என்று, மூன்று பேரிடமும் கல்லோடு நிறுத்திக்கொண்டேன்.

பேனாவைத் திறந்துவிட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள்.

ஜீப்புக்குள்ளிருந்து இல்லை. பாதையோரத்திலிருந்தும் இல்லை. அவள் அன்றைக்கு வாசப்படியே தாண்டவில்லை. கூடத்தில், டிவிக்கு முன்னால், பாயில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் நின்று சிரித்தபோது என் காலடியில்தான் கிடந்தாள். நோன்பு வைத்திருந்த பிள்ளை, பாவம், தூக்கம் கலைந்துவிடக் கூடாதே என்று, மெதுவாகத்தான் தூக்கினேன்.