எங்கள் ஆட்கள் தலையசைக்கும் விதம்

இந்தக் கட்டடத்தில் காத்திருப்பவர்களுக்கு நாற்காலிகள் போதாது ஐயா. முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள். இடுப்பு, நாரிவலியோடு எத்தனையோ பேர் வந்துபோகும் இடம்.

இத்தாலியன் எனக்கு நன்றாகவே வரும். இருந்தாலும் வாக்குமூலத்தைத் தமிழில்தான் தருவேன். தாய்மொழியில் பேசுவது சட்டம் தந்த உரிமை என்று எங்கள் ஆட்களுக்கு வருடக்கணக்காகச் சொல்லி வந்தவன் இந்தக் கொன்ஸ்ரன்ரைன். மொழிபெயர்க்கச் சயந்தினியை அமர்த்தியிருக்கிறீர்கள். நல்ல பிள்ளை. அவளுக்கு வசதியாக நிதானமாகவே பேசுகிறேன்.

பலேர்மோவில் எங்கள் ஆட்கள் வீட்டுவேலை செய்தே முதுமை அடைகிறார்கள். ஒருநாள் பாரிசவாதம் வந்து விழுந்தால் வங்கிக்கும் வைத்தியருக்கும் யார் கையெழுத்து வைப்பது? அதற்கு ஒரு பொறுப்பாளரை நியமிக்கும்படி நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். இது எங்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கு மொழி தெரியாது. ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் மண்டபத்தில் மேசை போட்டு அந்த விண்ணப்பங்களை எழுதிக்கொடுத்தேன். ஒரு சதமும் வாங்கியதில்லை. விசாரித்துப் பாருங்கள்.

மண்டபத்துக்குப் படியேற வேண்டும். தடியூன்றி வந்தவர்கள் கீழே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

விமலராணி அக்காவின் வீடு பிரான்காச்சோவில் இருந்தது. தரைத்தளம். வாசலிலேயே பேருந்து நிற்கும். சக்கர நாற்காலி நுழையக்கூடிய அகலமான கதவு. பொலிதேயாமாப் பக்கத்துப் பணக்காரச் சிஞ்ஞோராமாரின் வீடுகளைத் துடைத்துத் துடைத்தே வாங்கிய வீடு. விண்ணப்பம் எழுதும் அலுவலகமாக்க முன்னறையைத் தரச்சொல்லிக் கேட்டேன்.

“இல்லைத் தம்பி, அது என்ர அனிற்றாவுக்கு. பிள்ளை மன்னாரில இருந்து வந்தா எங்கை படுக்கிறது? உமக்குக் கந்தோர் வேணுமெண்டா கோயில் சுவாமியிட்டைக் கேளும். அவற்ர பங்களாவில பல்லியள்தான் குடியிருக்கு” என்றார்.

நானும் சிரித்தேன்.

அடுத்த மாரியில் அக்காவுக்குப் பாரிசவாதம் வந்தது. பேச்சுப் போனது. முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதால் எந்நேரமும் அழுவதுபோல இருந்தது. புத்தி மட்டும் தெளிவாகவே இருந்தது. அதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை.

மகள் அனிற்றா தொலைபேசியில் கெஞ்சினாள். “அண்ணை, அம்மாவை இஞ்சை அனுப்பி விடுங்கோ. நான் வச்சுப் பாக்கிறன்.”

“பாப்பம் பிள்ளை” என்றேன். என்னைப் பொறுப்பாளராக நியமிக்கும்படி விண்ணப்பம் கொடுத்தேன்.

நீதிபதி ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே வந்தார். நான்தான் மொழிபெயர்ப்பாளர். இவர் உங்கள் அலுவல்களைப் பார்க்கச் சம்மதமா என்று அவர் கேட்டதை ஒரு சொல்லும் பிசகாமல் தமிழில் சொன்னேன். அக்கா என்னையே பார்த்தார். பிறகு தலையணை கசங்கும்படி தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

“எங்கள் ஆட்களுக்கு அது ஆம் ஐயா” என்றேன். “மேலும் கீழும் ஆட்டினால்தான் மறுப்பு.”

நீதிபதி பிறருடைய பழக்கவழக்கங்களை மதிப்பவர். விளக்கியதற்கு எனக்கு நன்றி சொல்லிவிட்டு மறுபடியும் கேட்டார். அக்கா முன்னையிலும் பலமாக ஆட்டினார். இவ்வளவு உறுதியான சம்மதத்தைத் தான் கண்டதில்லை என்று அவர் சொன்னார். நாங்கள் வேகமாகப் பேசியது அக்காவுக்கு விளங்கவில்லை. அவருடைய இத்தாலியன் அடுப்படியோடு நின்றுவிட்டது.

மலைப்பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் அவரைச் சேர்த்தேன். அங்கே தாதிமாரை நடைபாதையில் நிறுத்தி, தலையசைப்பைப் பற்றி அதே விளக்கத்தைக் கொடுத்தேன். ஓரிடத்தில் ஒன்றும் இன்னோரிடத்தில் வேறொன்றும் சொல்வது சரியாக இருக்காது. பிறகு அனிற்றாவுக்கென்று போட்டிருந்த கட்டிலைக் கழற்றிவிட்டு முன்னறையில் நாற்காலிகள் போட்டேன். அதன்பின் ஒருவரும் நின்றுகொண்டு காத்திருந்ததில்லை.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு. சியாகுல்லித் தோட்டத்து மந்தாரின் தோடம்பழங்களோடு பார்க்கப் போனேன். அக்காவின் நெற்றி வியர்த்திருந்தது. தாதி குனிந்து, வலிக்கிறதா என்று கேட்டார். அந்தக் கேள்வி அக்காவுக்கு விளங்கும். தலையை மேலும் கீழும் ஆட்டினார். வைத்தியரைக் கூப்பிடவா என்று தாதி கேட்டார். மறுபடியும் மேலும் கீழும்.

“பாருங்கள், நேற்றும் இப்படித்தான். ஒன்றும் வேண்டாமாம்” என்று தாதி போய்விட்டார்.

அக்கா இடக்கையால் வயிற்றைத் தடவிக் காட்டினார். பசியாக்கும் என்று சூப் கொண்டுவந்து வைத்தார்கள்.

அங்கே துடைக்கிற வேலை செய்யும் அமலினி, தண்ணி வாளியோடு என் பின்னால் நின்றாள். அவளுக்கு அந்த வேலையை எடுத்துக்கொடுத்தவன் நான்.

“அண்ணை, அக்கா ஓம் எண்டெல்லோ சொல்லுறா. இவையளுக்கு விளங்கேல்லை. ஆரும் சொல்லிக் குடுக்கேல்லையோ?”

“நான் டொக்டரிட்டைக் கதைக்கிறன். நீ உன்ர வேலையைப் பார் பிள்ளை.”

அவள் என்னை நம்பிப் போனாள். நான் ஒரு தோடம்பழத்தை உரித்துச் சுளை சுளையாகத் தட்டில் அடுக்கினேன். அக்கா என் முகத்தைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தார். ஒரு சொல் போதும். ஆனால் அந்தச் சொல் நீதிபதியின் காதுவரை போகும். முன்னறை போகும். படியேற முடியாதவர்கள் மறுபடியும் தெருவில் நிற்பார்கள். வைத்தியரின் அறையைத் தாண்டி நடந்து பேருந்து பிடித்தேன்.

செவ்வாய்க்கிழமை அக்கா இறந்தார். குடலில் ஓட்டை விழுந்து கிருமி பரவியிருந்ததாம். நேரத்தோடு பார்த்திருந்தால் தப்பியிருப்பார் என்று உங்கள் வைத்தியர் எழுதியிருக்கிறார். சரியாகத்தான் எழுதியிருக்கிறார். அமலினி உங்களிடம் சொன்னதும் சரி.

நான் கொன்றேனா என்று கேட்கிறீர்கள். ஓம். தெரிந்துதான் செய்தேன். ஆனால் சம்மதம் கேட்காமல் நான் ஒன்றும் செய்ததில்லை. விமலராணி அக்கா மறுத்ததேயில்லை. என்னிடம் வந்த ஒருவரும் மறுத்ததில்லை.

சயந்தினி பேனாவை நிறுத்திவிட்டு, என்னைப் பார்த்துத் தலையை இடமும் வலமும் ஆட்டுகிறாள். பிழையாக எடுத்துக்கொள்ளாதீர்கள் ஐயா. எங்கள் ஆட்களுக்கு அது ஆம்.