நானூற்றுப் பன்னிரண்டு படங்களுக்குச் சொந்தக்காரன்

உடைமைதான் மனித நாகரிகத்தின் அடித்தளம். இந்த வாக்கியத்தை எங்கள் மன்றத்தின் பத்தாம் ஆண்டு மலரில் நான்தான் எழுதினேன், ஐயா. இருநூறு பிரதிகள் அச்சடித்தோம். நூற்றெழுபது என் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. வேண்டுமானால் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். எப்படியும் வீட்டைச் சோதனை போட்டிருப்பீர்கள்.

பெயர் இயேசுதாசன். வயது அறுபத்து மூன்று. செங்காங் தமிழ்த் திரை ரசனை மன்றத்தின் தலைவன். மூன்று முறையும் போட்டியின்றித் தேர்வானவன். எனக்குச் சொந்தமாக நானூற்றுப் பன்னிரண்டு படங்கள் இருந்தன. அலமாரியில் அல்ல, இணையத்தில். அங்கே 'வாடகை' என்று ஒரு பொத்தான் இருக்கும், 'வாங்கு' என்று ஒரு பொத்தான் இருக்கும். வாடகையை நான் ஒருபோதும் அழுத்தியதில்லை. விரல் தடிமன்கூட இல்லாத ஒரு கணினி, அதற்குள் ஒரு முழுத் திரையரங்கு. விருந்தாளிகள் வந்தால் அதை ஒரு கையால் தூக்கிக் காட்டுவேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் 'வட்டில்லா வாழ்வு' என்று ஓர் இயக்கம் தொடங்கினேன். பெயர் என் யோசனை, வட்டு என்றால் டிவிடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் மூன்று தொட்டிகள் வைத்து, வீட்டிலிருக்கும் டிவிடிகளையும் அவற்றைப் போடும் ப்ளேயர்களையும் கொண்டுவந்து கொட்டச் சொன்னேன். தூசியிலிருந்தும் பூஞ்சையிலிருந்தும் விடுதலை என்று பேசினேன். எல்லாரும் கொட்டினார்கள். செயலாளர் லொரைன் தன் அப்பா சேர்த்து வைத்ததை இரண்டு டிரிப் அடித்துக் கொண்டுவந்தாள். உறுப்பினர் சாகுல் ஹமீது அவசரத்தில் தன் கல்யாண டிவிடியையும் சேர்த்துக் கொட்டிவிட்டார். மறுநாள் தேடி வந்தபோது லாரி போய்விட்டிருந்தது. நினைவு மனத்தில் இருந்தால் போதும் என்று ஆறுதல் சொன்னேன். அவர் மனைவி இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

கொட்டாதவர் ஒரே ஒருவர், சுந்தரம். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் இருபத்தாறு வருடம் டிவிடி கடை வைத்திருந்தவர். கடையை மூடியபின் மிச்சத்தையெல்லாம் தன் செங்காங் வீட்டு பாம் ஷெல்ட்டரில் அடுக்கியிருந்தார். போர் வந்தால் ஒளிந்துகொள்ள வீட்டுக்கு வீடு கட்டித்தந்த கான்கிரீட் அறை அது. என் வீட்டில் அதற்குள் அரிசி மூட்டையும் கிறிஸ்துமஸ் மரமும் இருக்கின்றன. சுந்தரம் அதை நூலகமாக்கியிருந்தார். ஈரம் ஏறக்கூடாது என்று காற்றுத் துளைகளைத் தகடு போட்டு அடைத்திருந்தார். இரும்புக் கதவின் உள்பக்கக் கைப்பிடி அடுக்கில் இடிக்கிறது என்று அதையும் கழற்றியிருந்தார். இதையெல்லாம் செய்தவர் அவர். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"இத்தனை இருக்கு லா தலைவரே," என்பார். "நான் செத்தாலும் இங்கயே இருக்கும். உங்க நானூறும் எங்க இருக்குன்னு உங்களுக்கே தெரியாது."

என்னைத் தலைவரே என்று மன்றத்தில் எல்லாரும்தான் கூப்பிடுவார்கள். அவர் கூப்பிடும் தொனிக்கு மட்டும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

சென்ற ஞாயிறு எங்கள் ஆண்டு விழா. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் மாடி மண்டபம், மாலை நான்கு மணி, நூற்றிருபது பேர். ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டுக் காட்டிவிட்டு, 'என் படம் என் உரிமை' என்று நான் பேசுவதாக அழைப்பிதழ். காலையில் தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து, சரிபார்க்கலாம் என்று படத்தைத் திறந்தேன். 'இந்தத் தலைப்பு இப்போது உங்கள் பகுதியில் கிடைப்பதில்லை' என்று வந்தது. வாங்கிய படம், ஐயா. பட்டியலில் பெயர் இருந்தது, பெயருக்குக் கீழே படம் இல்லை. கூடவே இன்னும் அறுபத்தெட்டு படங்கள் போயிருந்தன. விதிமுறைகளைப் படித்தேன். எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்று பதினோராம் பத்தியில் எழுதியிருந்தார்கள். நான் படிக்காமல் 'சம்மதம்' அழுத்தியிருந்தேன்.

லொரைனிடமிருந்து செய்தி வந்தது. 'சார், எல்லாம் ஓகேவா? சீஃப் கெஸ்ட் கன்ஃபர்ம்.' ஓகே என்று பதில் போட்டேன்.

இரண்டு மணிக்கு சுந்தரம் வீட்டுக்குப் போனேன். மனைவி காலமாகிவிட்டார்; மகள் ரக்ஷனா வெளிநாட்டில், பெர்த்தில். தனியாக இருப்பவர். சாப்பாட்டு மேசையில் அவருடைய ஆஸ்துமா இன்ஹேலர் இருந்தது, பக்கத்தில் கைப்பேசி சார்ஜில் கிடந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் அவருக்கே மூச்சு வாங்கியது.

"நானூறு படத்துக்குச் சொந்தக்காரர், ஒரு படத்துக்கு என் வீட்டு வாசல்ல! உட்காருங்க, கோப்பி போடவா?"

"நேரமில்ல சுந்தரண்ணே. இருக்கா இல்லையா?"

"என்கிட்ட இல்லாததா? தர்றேன் லா. ஆனா ஒண்ணு. மேடையில ஒரே ஒரு வரி சொல்லணும். 'நான் இந்தப் படத்தை வாங்கல, கொஞ்ச நாள் பார்க்க விட்டாங்க, அவ்வளவுதான்.' சொல்லிட்டுப் போடுங்க."

"விழாவுல எப்படிண்ணே சொல்றது?"

"சாகுல் கல்யாணத்தைத் தொட்டியில கொட்டுனாரே, அவருக்காகச் சொல்லுங்க. நான் குளிச்சிட்டு வந்து முன் வரிசையில உட்காருவேன். நீங்க சொல்லலைன்னா நான் எழுந்து சொல்லுவேன்."

ஷெல்ட்டர் கதவைத் திறந்து, மூடாமலிருக்க ஒரு பழைய ரப்பர் செருப்பை இடுக்கில் செருகினார். "கதவை மட்டும் சாத்திடாதீங்க தலைவரே, உள்ளேருந்து திறக்க முடியாது," என்றார். முக்காலியில் ஏறி, மூன்றே நிமிடத்தில் எடுத்துவிட்டார். உறையில் பென்சிலால் வருடம் எழுதியிருந்தது. உள்ளிருந்தபடியே என்னிடம் நீட்டினார். "இருங்க, இதே ஹீரோவோட இன்னொரு படம் இருக்கு, அதையும் பார்த்துட்டுப் போங்க," என்று மறுபடி முதுகைத் திருப்பினார்.

எனக்கு அவர்மேல் எந்த வெறுப்பும் இல்லை. அவர் விழாவுக்கு வரக்கூடாது, அவ்வளவுதான். ஐந்து மணி நேரம். நான் கதவைத் தள்ளவில்லை. செருப்பை எடுத்தேன். கதவின் கனத்துக்கு அது தானாகவே சாத்திக்கொண்டது. பிறகு வெளிக் கைப்பிடியைத் திருகினேன். அரைகுறையாகச் சாத்திய கதவு எனக்குப் பிடிக்காது.

முதலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. விளையாட்டு என்று நினைத்திருப்பார். "தலைவரே, கதவு சாத்திக்கிச்சு லா!" என்றார். அதன் பிறகு தட்டினார். நல்ல கதவு, ஐயா. மேசையில் விரலால் தட்டுவது போல்தான் வெளியே கேட்டது. செருப்பை அதன் ஜோடியோடு வாசலில் வைத்தேன். மேசையில் அவருடைய கைப்பேசி அடித்தது, ரக்ஷனா. அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவாக இருக்கும் என்று சத்தத்தை அணைத்துவைத்தேன். இன்ஹேலரை நான் தொடவில்லை. அது இருந்த இடத்திலேயே இருந்தது என்பதை உங்கள் ஆட்களும் பார்த்திருப்பார்கள்.

வாசற்கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன், திரும்பி வர வேண்டுமே. ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. டிவிடியை மடியில் வைத்துக்கொண்டேன். பொருள் என்று ஒன்றைக் கையில் பிடித்து ரொம்ப நாளாகியிருந்தது. பூன் கெங் நிலையம் தாண்டும்போது, திரும்பி வந்து கதவைத் திறந்ததும் அவரிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். கதவு தானாகச் சாத்திக்கொண்டது என்று சொல்லலாம். அது பாதி உண்மை.

விழா நன்றாக நடந்தது. உடைமை பற்றி ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம் பேசினேன். இருபது நிமிடம் பேசுவதாகத்தான் இருந்தது. சாகுல் ஹமீதுகூடக் கைதட்டினார். முன் வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது, லொரைன், "சுந்தரம் அங்கிள் வரலையா சார்?" என்று கேட்டாள். உடம்பு சரியில்லை என்றேன். அந்த நேரத்துக்கு அதுவும் உண்மையாகத்தான் இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை மகள் சொல்லி, பக்கத்து வீட்டார் பூட்டு உடைப்பவரை அழைத்து வந்ததாகச் சொன்னீர்கள். கதவின் உள்பக்கம் டிவிடி உறைகளின் ஓரம் உடைந்து கிடந்தது என்றீர்கள். அவற்றால் தட்டியிருக்கிறார். எதையும் கீறல் படாமல் வைத்திருந்த மனிதர்.

ஐந்து மணி நேரம் என்றால், ஏன் போய்த் திறக்கவில்லை என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஏழு மணிக்கு செங்காங்கில் இறங்கினேன். அவர் புளோக் என் வழியில்தான் இருக்கிறது. மேலே பார்த்தேன், வீட்டில் விளக்கு எரியவில்லை. போயிருந்தால் நிச்சயம் திறந்திருப்பேன். நான் கொடூரமானவன் இல்லை. ஆனால் திறந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி எனக்குத் தெரியும். மூச்சு வாங்கினாலும் அதைத்தான் கேட்டிருப்பார்: "படம் எப்படிப் போச்சு தலைவரே?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. திங்கட்கிழமையும் இல்லை.

படம் ஓடவில்லை, ஐயா. மண்டபத்து ப்ளேயரையும் என் தொட்டியில்தான் கொட்டியிருந்தார்கள். மேடையில் டிவிடியைக் கையில் வைத்துக்கொண்டு, நூற்றிருபது பேர் பார்த்திருக்க, என் கணினியை நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் டிவிடி போடும் இடமே இல்லை.