விசில் ஊதின பிறகு

இன்சூரன்ஸாம், இன்சூரன்ஸ். போன வருஷம் இதே வாயால அந்த நிஷிவாகி அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா, எஹாரா-சான்? நீங்க புதுசா குடிவந்தவங்க, தெரியாது. "நம்ம குடியிருப்புல நாமளே புல்லு வெட்டுறோம், இதுக்கெதுக்கு இன்சூரன்ஸ்"னாங்க. சங்கத் தலைவியாச்சே, தலையாட்ட ஒரு கூட்டம். பொது அறைக்கு இன்சூரன்ஸ் உண்டு, அதுல கெடக்குற பழைய பியானோவுக்கு உண்டு. அதைத் தொடைக்கிற மனுஷங்களுக்குத்தான் கெடையாது.

உக்காருங்க, டீ ஆறுது... என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், எங்க வீட்டுக்காரரு. ஊரான் மரம்னா அவருக்கு உசிரு. வீட்டுல பல்பு மாத்தச் சொன்னா மட்டும் முதுகு வலிக்கும். போன துப்புரவு நாள்ல செர்ரி மரத்துல ஏறிக் கெளை வெட்டினாரு. வேல முடிஞ்சு விசில் ஊதியாச்சு. எல்லாரும் சோத்துருண்டையத் தேடி ஓடுறாங்க. இவரு மேல ரம்பத்த விட்டுட்டேன்னு மறுபடி ஏறினாரு. ஏணியப் பிடிக்க ஒரு ஆள் இல்ல. விழுந்தாரு. இடுப்பெலும்பு போச்சு.

ஆஸ்பத்திரிக்குப் பழக்கூடையோட வந்தாங்க தலைவி. வந்து என்ன பேசினாங்கங்கிறீங்க? "கனேமாட்சு-சான், விசில் ஊதின பிறகு ஏறினீங்க பாருங்க, அது சங்கத்து வேலையில சேராதுங்க." அதாவது, விசிலுக்கு முன்னாடி தொண்டராம், விசிலுக்கு அப்புறம் சும்மா மரமேறின கெழவராம். அந்த ரம்பம் என்ன எங்க பாட்டன் சொத்தா? சங்கத்து ரம்பம். இந்த மனுஷன் என்னடான்னா, "ஆமாங்க, என் தப்புதான்"னு படுத்துக்கிட்டே தலைகுனியறாரு. படுத்துக்கிட்டு எப்படிக் குனியறதுன்னு கேக்காதீங்க, குனிஞ்சாரு.

இப்பதான் ஞானம் பொறந்திருக்கு. இன்னிக்கு மறுபடி துப்புரவு நாள் இல்லியா, எல்லாருக்கும் இன்சூரன்ஸ் போடறோம், பேரு குடுங்கன்னு உங்கள அனுப்பியிருக்காங்க. அவங்களே படியேறி வரக் கால் கூசுது பாருங்க. நான் குடுக்க மாட்டேன். இந்த வீட்டுலேர்ந்து இனிமே யாரும் ஒரு புல்லு கூடக் கிள்ளப் போறதில்ல, அப்புறம் பேரு எதுக்கு? அவரு தடிய ஊனிக்கிட்டு டோஃபு வாங்கப் போயிருக்காரு. வந்ததும் கேட்டுப் பாருங்க, இதையேதான் சொல்வாரு...

ஏன் ஜன்னலையே பாக்கறீங்க? கீழ என்ன?

நகருங்க... அது அவருதானே. டோஃபு பைய மணிக்கட்டுல மாட்டிக்கிட்டு ஏணியப் பிடிச்சிட்டு நிக்கிறாரு. மேல யாரு, நிஷிவாகியா? ம்ம், இப்ப மட்டும் ஏணியப் பிடிக்க ஆள் கேக்குதாக்கும். அந்தத் தடி எங்க? மரத்துல சாத்தி வச்சிருக்காரு பாருங்க. தானே நேரா நிக்க முடியாத மனுஷன். ஏணி சரிஞ்சா அந்தம்மாவுக்கு இன்சூரன்ஸ் வரும். மொதப் பேரே அவங்களதாத்தான் இருக்கும். இவருக்கு?

எழுதுங்க, எஹாரா-சான். கனேமாட்சு தோகுஜி. அப்படியே என் பேரையும் போடுங்க, ஃபுசா. போட்டாச்சா? இப்பலேர்ந்தே செல்லும்தானே?

நாளைலேர்ந்தா?

அப்ப வழிய விடுங்க. இன்னிக்கு அந்த ஏணிய நான் பிடிச்சுக்கறேன்.