வலது தோள்பட்டை

மருமகள்: ...அசையாதீங்க மாமா. இங்க அழுத்தினா வலிக்குதா?

மாமனார்: எங்க பரம்பரையில யாருக்கும் தொடை வலிச்சதில்ல.

மருமகள்: பரம்பரையை அப்புறம் அழுத்திப் பாக்குறேன். இப்போ உங்க தொடையைச் சொல்லுங்க.

மாமனார்: வலிக்கல. பிசியோதெரபி படிச்ச மருமக வந்தா இதான் தொல்லை. பேப்பர் படிச்சிட்டிருந்த மனுஷனை க்ளினிக்குக்கு இழுத்துட்டு வந்து...

மருமகள்: பேப்பரை இடது கையால புரட்டினீங்களே, பாத்தேன். ஞாயித்துக்கிழமை நாப்பது கிலோமீட்டர் மிதிச்சிருக்கீங்க, அதுல பாதி மலை ஏத்தம். இன்னிக்கு மூணாம் நாள். பழகாத காலா இருந்தா, தசை நுணுக்கமா அங்கங்க கிழிஞ்சு, வீங்கி, மாடிப்படி இறங்கும்போது அழுகையே வரும்.

மாமனார்: எனக்கு வரல. தினமும் மிதிக்கிற கால். கிழிஞ்சு கிழிஞ்சு சேர்ந்து கெட்டியானது.

மருமகள்: அப்புறம் ஏன் எங்கப்பாகிட்ட தோத்தீங்க?

மாமனார்: அந்தத் துண்டை எடு, வேர்க்குது.

மருமகள்: மூணு மாசமா அவர் சைக்கிளைத் தொடவே இல்ல மாமா! 'ஏத்தத்துல ஒரு தடவைகூட கால் ஊனல, சம்பந்தி எனக்குப் பின்னாடியேதான் வந்தார்'னு சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் போன் போட்டாச்சு.

மாமனார்: ஊனல. நான் பின்னாடிதான் வந்தேன். ரெண்டும் நெசம்.

மருமகள்: அடடா, என்ன பெருந்தன்மை! இந்தப் பக்கம் திரும்புங்க. இந்தத் தோள்...

மாமனார்: ஆ!... ஒண்ணுமில்ல. கொசு.

மருமகள்: கொசு எலும்பு வரைக்கும் போயிடுச்சா? இடது தோள் பஞ்சாட்டம் இருக்கு. வலது தோள் முறுக்கின கயிறு. மணிக்கட்டும் வீங்கியிருக்கு... விழுந்தீங்களா?

மாமனார்: நானா? விழுறதா?

மருமகள்: ஒரு தடவை விழுந்தாலும் சைக்கிளை வித்துடுவேன்னு உங்க புள்ள சொல்லியிருக்கார். சாயங்காலம் என்கிட்டதான் கேப்பார்.

மாமனார்: அவனுக்கு மூணு சக்கர வண்டி ஓட்டக் கத்துக்குடுத்ததே நான். என் சைக்கிளை விக்க அவன் யாரு?

மருமகள்: அப்போ தோள் வலிக்குக் காரணம் சொல்லுங்க.

மாமனார்: தூக்கத்துல ஒருக்களிச்சுப் படுத்துட்டேன்.

மருமகள்: மணிக்கட்டு மேலயா?

மாமனார்: சரி... சைக்கிளைக் கொஞ்ச தூரம் தள்ளிட்டு வந்தேன்னு வச்சுக்கயேன்.

மருமகள்: சைக்கிளைத் தள்ளினா ரெண்டு தோளும் வலிக்கும். ஒத்தைக் கையால மலையேத்த நீங்க என்ன சர்க்கஸ்காரரா? விழுந்துட்டு, சம்பந்தி முன்னாடி மானம் போச்சேன்னு மறைக்கிறீங்க. அதான?

மாமனார்: மானத்தைப் பத்தி நீ எனக்குப் பாடம் எடுக்காதம்மா.

மருமகள்: உடம்புல ஒரு சிராய்ப்பைக்கூட காணோமே...

மாமனார்: விழுந்தேன். எழுதிக்கோ.

மருமகள்: சைக்கிள் போயிடும் மாமா.

மாமனார்: போகட்டும். நான் குடுத்த வாக்கு... ம்க்கும். வயசாச்சு, விழுந்தேன். அவ்வளவுதான்.

மருமகள்: இருபத்தஞ்சு வருஷமா எண்ணெய் போட்டுத் துடைச்ச சைக்கிள்.

மாமனார்: விழுந்தேன்னு சொல்றேன்ல!

மருமகள்: எழுந்திருங்க, போதும் நடிப்பு. காலையில எங்கப்பா இடுப்பு வலின்னு வந்து இதே கட்டில்ல குப்புறப் படுத்தார். சட்டையைத் தூக்கினா, நடு முதுகுல அஞ்சு விரலும் தெரியுற மாதிரி ஒரு வலது கைத்தடம் கன்னிப்போய்க் கிடக்கு. ஏத்தம் முழுக்க யாருப்பா தள்ளினதுன்னு கேட்டா, 'பின்னாலேர்ந்து நல்ல காத்தும்மா'ங்கிறார்.