மணமகளின் கையெழுத்து இல்லாத சான்றிதழ்

முஸ்லிம் திருமணப் பதிவில் மணமகளும் கையெழுத்திட வேண்டும் என்று சட்டத்தில் எழுதாதவர்களே, இந்தப் பெண்ணைக் கணவனிடம் போகவிடாமல் வைத்திருப்பது நீங்கள்தான்.

திகனவிலிருந்து கண்டிக்கு வந்த பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவளின் மடியில் ஒரு ஃபைல் இருந்தது.

"மாப்பிள்ளைக்கிட்ட வெளிநாட்டுக்குப் போக ரெண்டாவது தரமும் விசா இல்லையாம், ராத்தா. கலியாண சேட்டிபிகட்ல என்ட கையெழுத்து இல்லையாம். நான் விரும்பித்தான் முடிச்சேன் எண்டதுக்கு என்ன அத்தாட்சி எண்டு கேக்குறாங்க."

"ஒங்கட வாப்பா கையெழுத்து வெச்சாரே?"

"அப்ப வாப்பாவத்தான் மாப்பிள்ளைக்கிட்ட அனுப்போணும்."

ராத்தா என்று அழைக்கப்பட்ட மூத்தவள் சிரித்துவிட்டாள். இளையவள் சிரிக்கவில்லை.

"வாப்பாக்கிட்ட கடிதம் வாங்கிக் குடுக்கட்டாம். மவுத்தாகி மண்ணுக்குள்ள இருக்கிறவர்கிட்ட எப்படி வாங்குற? என்ட மகன் அவன்ட வாப்பாட மொகத்த போன்லதான் தடவிப் பாக்குறான்."

"ஒன்னையே கூப்பிட்டுக் கேக்கலாமே?"

"கேக்கல்ல. கலியாணத்து அண்டைக்கும் ஆரும் கேக்கல்ல. உள் அறையில உக்கார வெச்சிருந்தாங்க."

"என்னையும் அப்படித்தான், தங்கச்சி."

கண்டி வந்ததும் இளையவள் ஃபைலை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

அந்தச் சட்டத்தை இன்னும் மாற்றாதவர்களில் ஒருவராவது பாராளுமன்றத்தில் எழுந்து, எல்லோரும் கேட்கப் பதில் சொல்லுங்கள்: அவளுடைய கலியாணத்துக்கு அவளுடைய கையெழுத்து ஏன் தேவைப்படவில்லை?