பிரேக் போட்டதும் எழுந்த கை

ஒரகடத்தில் ஆடிக் கூழ் ஊற்றியபோது மழையில் பந்தல் சாய்ந்து என் செருப்பு தொலைந்ததே, அதற்கு மறுநாள். புதுச் செருப்பு, மருமகள் வாங்கித் தந்தது. சரி, அது போகட்டும்.

வாலாஜாபாத் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும். இருவரும் ஒரே கம்பெனியாம். வண்டியிலிருந்து விழுந்து அவனுக்கு வலது கை முறிந்து, கட்டுப் பிரித்த பிறகும் தூக்க வரவில்லையாம். அவள்தான் வடையைப் பிட்டு ஊட்டினாள்.

டிரைவர் பிரேக் போட்டார். அந்த வலது கை சட்டென்று எழும்பி மேல் கம்பியைப் பிடித்தது.

“யோவ், தூக்க வராத கை அங்க இன்னா பண்ணுது?”

“சத்தியமா எனக்கே தெர்லடி. எலும்பு சேந்துடுச்சு, உள்ள ஏதோ பயந்தான்னாரு டாக்டரு.”

“இன்னா பயம்?”

“கை சரியானா டூட்டி. உனக்குக் காலைல ஷிஃப்ட், எனக்குச் சாயங்காலம். நீ வூட்டுக்கு வர்றப்ப நான் கெளம்பிடுவேன். இந்த ரெண்டு மாசந்தான் உன்கூட உக்காந்து துன்னுகினு கீறேன்.”

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அட லூசு, ஒரே ஷிஃப்ட் கேட்டுப் பாக்கலாம்யா. இப்ப அந்தக் கையாலயே எனக்கு ஊட்டு.”

ஊட்டினான். வடை கொஞ்சமும் சிந்தவில்லை.

அவர்கள் கம்பெனியில் ஷிஃப்ட் போடுகிறவர் யாரென்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால், அந்த இரண்டு பேரையும் ஒன்றாகப் போடச் சொல்லுங்கள்.